பெங்களூருவில் தள்ளுவண்டி, ஹாப்காம்ஸ், சூப்பர் மார்க்கெட்: எந்தக் கடைக் காய்கறியில் சத்து அதிகம்?

அல்சூரில் 14 வருஷமாக இருக்கிறேன். மூன்று இடத்திலும் வாங்குகிறேன். நான் கடையைக் கேட்பதில்லை, பறித்து எத்தனை நேரமாச்சு என்றுதான் கேட்பேன்.

போன வருஷம் என் மகளுக்கு இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் சொன்னார். சுத்தமாக இருக்குமே என்று ஏசி சூப்பர் மார்க்கெட்டில் உறைபோட்ட பாலக்கையே வாங்கிவந்தேன். ஒருநாள் பிரித்தால் உறைக்குள் பூரா நீர் கோத்திருந்தது, நடு இலைகள் கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தன. பேக் செய்த தேதி போட்டிருந்தது, பறித்த தேதி இல்லை.

அந்தக் கீரையிலும் இரும்பு அப்படியேதான் இருந்திருக்கும். இரும்பு, கால்சியம், நார்ச்சத்து நாள்பட்டாலும் எங்கேயும் போகாது. கரைவது வைட்டமின் சியும் ஃபோலேட் என்கிற பி வைட்டமினும்தான். ஆனால் கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி வேண்டும், ரத்தம் ஊற ஃபோலேட் வேண்டும். அதனால் இப்போது கீரை மட்டும் காலை ஆறரைக்கு "சொப்பு, சொப்பு" (கன்னடத்தில் கீரை) என்று கூவி வரும் தள்ளுவண்டி அம்மாவிடம்தான். அரைக்கீரைத் தண்டை நகத்தால் கிள்ளினால் டக்கென்று ஒடியணும். நாராக இழுத்தால் நேற்றைய கட்டு. அதே கீரை மத்தியானம் வரை வண்டியில் வெயில் காய்ந்திருந்தால், குளிரில் வைத்த கடைக் கீரையே மேல்.

பீன்ஸ், குடைமிளகாய்க்கு ஹாப்காம்ஸ் போவேன். 1959-ல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு அது. காலையில் சரக்கு இறங்குகிற நேரம் போனால் நல்லதாகக் கிடைக்கும். கேரட், பீட்ரூட், சேனை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். நறுக்கி வைத்த காய் வேண்டாம், வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுபட்டு வைட்டமின் சி சீக்கிரம் போய்விடும். உறையவைத்த பட்டாணியைத் தாராளமாக வாங்கலாம். பறித்த கொஞ்ச நேரத்திலேயே வெந்நீர் காட்டி உறையவைப்பதால், நாலைந்து நாள் அலைந்த பச்சைப் பட்டாணியைவிட அதில் சத்து நிற்கும். ஆர்கானிக் கடைக்குப் பூச்சிமருந்துக்குப் பயந்து போவதென்றால் சரி, சத்து கூடுதல் என்று நம்பி இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

மகளுக்குச் சாப்பாட்டோடு கொய்யாத் துண்டு வைக்கிறேன். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி, ஆப்பிளில் பத்தைத் தாண்டாது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 9.4-லிருந்து 11.8 ஆனது. அதில் பெரும்பங்கு டாக்டர் கொடுத்த மாத்திரைக்குத்தான், அதை ஒருநாளும் நாங்கள் நிறுத்தவில்லை.