சின்ன நிறுவனம் சைபர் தாக்குதலுக்கு எப்படித் தயாராவது?

களுவாஞ்சிகுடியில் பத்துப் பன்னிரண்டு கணினிகளோடு இயங்கும் கடன் சங்கம், புதிது புதிதாக வரும் மென்பொருள் ஓட்டைகளை (தாக்குபவர்கள் உள்ளே நுழைய வழிவிடும் குறைபாடுகளை) எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு கொப்பியில் எந்தக் கணினியில் எந்த விண்டோஸ், எந்தக் கணக்கு மென்பொருள், எந்த ரவுட்டர் என்று எழுதி வையுங்கள், ஏனென்றால் ஓட்டை பற்றிய செய்தி வரும் நாளில் அது நம்மிடம் இருக்கிறதா என்று தேடவே பாதி நாள் போய்விடும். ஓட்டை நம்மிடம் இருந்தால் திருத்தத்தை உடனே போட்டுவிடுங்கள். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள், விண்டோஸ் ஓட்டை ஒன்றின் வழியாகப் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கு இப்படித் திருத்தங்கள் தரும் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, எந்தக் கணினியில் அது இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பெக்கப் (ஃபைல்களின் மாற்றுப் பிரதி) விஷயத்தில்தான் கெஞ்சிக் கேட்கிறேன். 2023 ஆகஸ்டில் நம் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியதில் மூன்று மாதத்துக்கும் மேலான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். கல்லடியில் நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் பெக்கப் ஹார்ட் டிஸ்க், காசாளரின் கணினிக்குப் பின்னால் இரவும் பகலும் செருகியபடியே தூசி பிடித்துக் கிடந்தது. கணினிக்குள் நுழையும் ரான்சம்வேர் அந்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள், மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள்.

சரி, அடிபட்டால்? உடனே நெட்வேர்க் வயரைக் கழற்ற வேண்டும். யார் கழற்றுவது, சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் தேசிய அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு (Sri Lanka CERT) யார் அறிவிப்பது என்று பெயரோடு எழுதி இன்றைக்கே சுவரில் ஒட்டுங்கள்.