லாங்கு பஜாரில் 5 ரூபாய்

கேள்வி: வேலூர் லாங்கு பஜாரில் தரையில் கடை போட்டிருந்த ஒரு பாட்டியிடம் இரண்டு கட்டு சிறுகீரை 30 ரூபாய் சொன்னதை 25-க்குக் கேட்டு வாங்கினேன். கூட வந்த மகள் வீடு வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. “பெரிய கடையில போட்ட விலைய அப்படியே குடுக்கற, இந்தப் பாட்டிகிட்ட மட்டும் பேரமா?” என்கிறாள். அம்மா காலத்திலிருந்து பேரம் பேசித்தானே வாங்குகிறோம்? நான் செய்தது தப்பா?
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: நான் உங்கள் மகள் பக்கம்தான், அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

என் அம்மா நேதாஜி மார்க்கெட் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பூ விற்றவர். இருட்டு பிரியுமுன் கூடையோடு போனால்தான் உதிரிப்பூ மொத்த விலைக்குக் கிடைக்கும். அதற்குக் கைமுதல் வேண்டுமே, தண்டல்தான் வாங்குவார். அப்போது ஆயிரக் கணக்கு, இப்போது பத்தாயிரக் கணக்கு. முறை அதேதான். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் வாங்கின மறுநாளே அசல் கரையத் தொடங்கிவிடுகிறது, ஐம்பதாவது நாளில் கையில் நிற்கிற கடன் பாதிகூட இல்லை. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் வட்டி நூற்றுக்கு எழுபதைத் தாண்டும். மழை பெய்தாலும், பூ வாடினாலும் சாயந்திரம் தண்டல்காரர் எதிரே வந்து நிற்பார். “இன்னாம்மா, இன்னும் போணியே ஆவல” என்று அம்மா சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கீரையும் அப்படித்தான். விடிந்தால் குப்பை. நீங்கள் குறைத்த 5 ரூபாய், பெரும்பாலும் அந்த இரண்டு கட்டில் பாட்டிக்கு நின்றிருக்க வேண்டிய லாபம்.

விலையில் கை வைக்காமல் கொசுறு கேளுங்கள். ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு காம்பு கொத்தமல்லி. அதைக் கொடுப்பதில் அவர்களுக்கே ஒரு சந்தோஷம் உண்டு. பேரம் பேசாமல் வாங்குகிறவர்களுக்கு அம்மா முழம் போடும்போது முழங்கையைத் தாண்டி இரண்டு விரல்கடை விடுவார், கேட்காமலே. குறைந்த விலைக்குத்தான் வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு போங்கள், அவர்களே கூறு கட்டிக் குறைத்துத் தருவார்கள்.

துணி, பாத்திரம், செருப்பு என்றால் நாலு கடை ஏறி இறங்கித் தாராளமாகப் பேசுங்கள், அங்கே சொல்லும் விலையிலேயே பேரத்துக்கு இடம் வைத்திருப்பார்கள். எடையில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். எடைக்கல்லுக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை, எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் அரசு முத்திரை போட வேண்டும். முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: காந்தி ரோட்டில் நடைபாதைக் கடைகளால் நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகவே முடியவில்லை. மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன?
— வாசகர், காகிதப்பட்டறை

பதில்: உங்கள் கஷ்டம் உண்மை. நாற்காலி போக வழி இருந்தே ஆக வேண்டும். ஆனால் மொத்தமாக எடுக்கச் சொல்லாதீர்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குக் கால் கிலோ உருளைக்கிழங்கு நிறுத்துக் கொடுப்பது இந்தத் தள்ளுவண்டிதான். விற்கிறவரும் ‘ஆலு’, ‘பியாஜ்’ என்று கற்றுக்கொண்டுவிட்டார்!

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எந்த இடத்தில் கடை போடலாம், எங்கே கூடாது என்று பிரிப்பதில் நகர விற்பனைக் குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குழு எப்போது கூடியது, காந்தி ரோட்டுக்கு என்ன முடிவு செய்தது என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள். நாற்காலிக்கு வழி விட்டுக் கோடு போடுங்கள் என்ற கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: சென்னை சம்பந்தி இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கேட்கிறார். பார்த்து வாங்குவது எப்படி?
— வாசகி, கொசப்பேட்டை

பதில்: 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின காய் அது. காம்பிலும், காயை மூடியிருக்கிற பச்சைத் தொப்பியிலும் முள் இருக்கும். தொப்பி வாடாமல், தோல் பளபளவென்று இருக்கிற பிஞ்சாகப் பொறுக்குங்கள். காம்பைக் கிள்ளாமல் எண்ணெய்க் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். துணிப்பை கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் கவரை முள் கிழித்துவிடும்.