இருக்கச் சொல்வதும் போகச் சொல்வதும்

வணக்கம் அண்ணா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். ஹட்டனில் போன் கடை ஒன்றில் வேலை. 2024 யூரோ இறுதிப் போட்டியில் ஸ்பெயினின் நிக்கோ வில்லியம்ஸ் அடித்த கோலைப் பார்த்ததில் இருந்து நான் அவன் ஆடும் ஸ்பெயின் கழகமான அத்லெட்டிக் பில்பாவோவின் ரசிகன். இங்கே எல்லாரும் மட்ரிட், பார்சிலோனா, மான்செஸ்டர் என்று இருக்கிறார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது பரவாயில்லை. ஆனால் வீரர்கள் கழகம் மாறும் ஜூன், ஜூலை வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. நிக்கோவை யார் கேட்கிறார்கள், எவ்வளவு தருகிறார்கள் என்று போனையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். 2035 வரை கையெழுத்துப் போட்ட பிறகும் பயம் தீரவில்லை. பணக்காரக் கழகம் ஒன்று காசைக் கட்டினால் கதை முடிந்தது தானே? இப்படி ஒருத்தன் மேல் மனசை வைப்பது சரியா? அவன் பெயர் போட்ட ஜெர்சி வாங்கவே யோசனையாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். எங்கள் தோட்டத்து டிவிசன் (பிரிவு) டீமில் இடது ஓரத்தில் ஆடும் தம்பி ஒருத்தன், 16 வயது. கொழும்பில் இருந்து ஒரு கழகம் கூப்பிடுகிறது. போகவேண்டாம் என்று டீமில் எல்லாரும் சொல்கிறோம், நானும்தான். அவன் போனால் எங்கள் டீம் அவ்வளவுதான். நாங்கள் செய்வது சரியா?

பெயர் போடவேண்டாம் அண்ணா.

*

அன்புள்ள தம்பி,

ஜெர்சியை வாங்குங்கள். முதுகில் 10 போட்டே வாங்குங்கள். 2024இல் அத்லெட்டிக் கப்டன் மூனியாய்ன் விலகிய பிறகு நிக்கோ எடுத்துக்கொண்ட இலக்கம் அது. அவன் நாளைக்கே வேறு கழகத்துக்குப் போனாலும் அந்தச் சட்டை பொய்யாகிவிடாது. 2024 ஏப்ரலில் செவில்லில் மயோர்காவைப் பெனால்டியில் வென்று, 40 வருஷத்துக்குப் பிறகு அத்லெட்டிக் ஸ்பெயினின் மன்னர் கிண்ணத்தைத் தூக்கியது. அதற்குள் அவன் உழைப்பு இருக்கிறது. நடந்து முடிந்ததை யாரும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போக முடியாது.

உங்கள் பயத்தை நான் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பெயினில் 1985இல் வந்த அரச ஆணையின்படி, ஒரு வீரன் ஒரு தொகையைக் கட்டித் தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். அந்த விடுவிப்புத் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள், பிறகு பெரும்பாலும் வாங்கும் கழகம்தான் அதைப் போடும். பணம் கட்டப்பட்டு, வீரனும் சரி என்று சொல்லிவிட்டால், பழைய கழகம் என்ன கத்தினாலும் தடுக்க முடியாது. இங்கிலாந்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரியில் பிரைட்டன் கழகத்து வீரன் மிட்டோமாவுக்கு சவூதியில் இருந்து பெரிய விலை வந்தபோது பிரைட்டன் முடியாது என்றது, அத்தோடு சரி. பில்பாவோவுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

அதோடு அத்லெட்டிக்குக்கு இன்னொரு கட்டுப்பாடு, அது அவர்களே போட்டுக்கொண்டது. பில்பாவோ இருக்கும் பாஸ்க் நாட்டில் பிறந்தவனோ, அங்கே ஆட்டம் பழகி வளர்ந்தவனோதான் அந்தச் சட்டையைப் போடலாம். 2018 ஜனவரியில் தடுப்பு வீரன் லபோர்ட்டை மான்செஸ்டர் சிட்டி 65 மில்லியன் யூரோவுக்குக் கொண்டுபோனது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் கோல் காப்பாளர் கெப்பாவை செல்சி 80 மில்லியன் யூரோவுக்குக் கொண்டுபோனது. காசு வந்து குவிந்தது. ஆனால் அந்தக் காசை எடுத்துக்கொண்டு பிரேசிலுக்கோ போர்த்துகலுக்கோ போய் ஒருத்தனை வாங்கிவர இவர்களால் முடியாது. மற்றக் கழகத்துக்காரன் ஒரு வீரனை இழந்தால் சந்தைக்குப் போகிறான், இவர்கள் லெசாமாவில் இருக்கும் தங்கள் பயிற்சிப் பள்ளிக்குத்தான் போகவேண்டும், அங்கே 14 வயதுப் பையன் வளர்ந்து ஆளாகும்வரை காத்திருக்கவேண்டும். அப்படி இருந்தும் ஸ்பெயினின் முதல் பிரிவில் இருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று கழகங்களில் அத்லெட்டிக் ஒன்று. மற்ற இரண்டும் மட்ரிட், பார்சிலோனா. உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நிக்கோவிடம் எனக்குப் பிடித்தது அவன் வேகம் இல்லை, நிற்கும் விதம். இடது கோட்டோரமாகப் பந்தை வாங்கி, தடுக்க வருகிறவனுக்கு நேராகத் திரும்பி, ஒரு கணம் அப்படியே நிற்பான். பந்து காலுக்கு முன்னால் கிடக்கும், எடுத்துக்கொள் என்பது போல. எதிராளி பொறுக்கமாட்டாமல் ஒரு காலில் எடையை மாற்றுவான் பாருங்கள், அந்தக் காலின் பக்கமாகவே இவன் போய்விடுவான். வலது காலும் வரும், இடது காலும் வரும், அதனால் எந்தப் பக்கத்தை அடைப்பது என்று எதிராளிக்குத் தெரியாது. பெர்லினில் அந்த யூரோ இறுதிப் போட்டியின் 47ஆவது நிமிஷத்தில் சக வீரன் யமால் வலது பக்கமிருந்து உள்ளே தள்ளிய பந்தை நிறுத்தாமல் இடது காலால் தூர மூலைக்கு அடித்தானே, அந்த இடது காலுக்காகத்தான் எல்லாரும் அவனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். அதே ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த ஒயார்சபாலும் பாஸ்க் நாட்டுக்காரன்தான், ரியல் சொசிடாட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தவன்.

நம் ஆட்களுக்கு நிக்கோ மேல் ஒரு தனி ஒட்டுதல் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அவன் அப்பா அம்மா கானாவில் இருந்து சகாராவைக் கடந்து, வழியில் ஒரு பகுதி கால்நடையாக, ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மெலில்லாவின் வேலியைத் தாண்டி ஸ்பெயினுக்குள் வந்தவர்கள். அப்போது அண்ணன் இனாக்கி வயிற்றில். பிறகு அப்பா லண்டனுக்கு வேலைக்குப் போய் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தார், தம்பியை இனாக்கிதான் ஒரு தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்டான். தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நம் முன்னோர் நடந்த வழியை 2023இல் நம்மவர்கள் திரும்ப நடந்தார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நடந்து வந்தவர்களின் பிள்ளை ஒருத்தன் இப்படி ஓடுவதைப் பார்க்கும்போது நமக்குள் ஏதோ நிமிர்கிறது. நான் அதை மறைக்கமாட்டேன்.

சரி, போய்விட்டால்? 2025 ஜனவரியில், பருவத்தின் நடுவில், நாப்போலி பட்டத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அதன் இடது விங்கர் குவாரத்ஸ்கேலியாவை பாரிஸ் சென்ட் ஜெர்மெய்ன் கொண்டுபோனது. மரடோனாவோடு அவன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்ட ரசிகர்கள் அவர்கள், எப்படித் துடித்திருப்பார்கள்! அந்த மே மாதமே நாப்போலி இத்தாலியப் பட்டத்தை வென்றது. அதே மாதக் கடைசியில் பாரிஸ் இண்டரை 5-0 என்று அடித்து சாம்பியன்ஸ் லீக்கை வென்றது, அதில் ஒரு கோல் குவாரத்ஸ்கேலியாவுடையது. எப்போதும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. 2016இல் இங்கிலாந்தின் சம்பியனான லெஸ்டர், மஹ்ரேஸ் உட்பட ஒவ்வொருவராக இழந்து, 2023இல் இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது. ஒருத்தன் போவதால் மட்டும் ஒரு கழகம் சாவதில்லை, போனவன் இடத்துக்கு வளர்க்க ஆள் இல்லாதபோதுதான் சாகிறது.

2025 ஜூனில் நிக்கோ பார்சிலோனாவுக்குப் போகிறான் என்ற செய்தி சூடுபிடித்தபோது, அண்ணன் தம்பி இருவரையும் வரைந்திருந்த சுவரோவியத்தில் நிக்கோவின் முகத்தை யாரோ அழித்தார்கள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவன் அப்போது எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஜூலை முதல் வாரத்திலேயே 2035 வரை இருப்பதாக ஒப்பந்தம் போட்டான், விடுவிப்புத் தொகையும் பாதிக்கு மேல் கூடியது. முகத்தை அழித்தவர் அதற்கப்புறம் என்ன செய்தாரோ. உங்கள் பயம் ஒருநாளும் அந்த இடத்துக்குப் போகக்கூடாது தம்பி, எனக்குச் சொல்லவேண்டியது அதுதான். அவன் மேல் நமக்கு இருக்கும் ஆசை, அவன் நமக்குப் பட்ட கடன் ஆகாது.

அவன் ஏன் இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்ப் பாசம் உண்டுதான். ஆனால் பாசத்தை மட்டும் காட்டியா நிறுத்தினார்கள்? கழகம் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தது, நல்ல சம்பளம் கொடுத்தது. அந்தப் பருவத்தில் நான்காம் இடத்துக்கு வந்து சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றிருந்தது. அண்ணன் அதே டீமில் மறு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். இன்னொரு பக்கம் பார்சிலோனாவால் புது வீரனை லீக்கில் பதிவு செய்யவே முடியுமா என்ற சந்தேகம், பார்சிலோனா வீரன் ஒல்மோவுக்கு வந்த பதிவுச் சிக்கலை ஸ்பெயினே பார்த்திருந்தது. இவ்வளவும் சேர்ந்துதான் இருப்பது என்பது அவனுக்கு ஒரு நல்ல வழியாக இருந்தது.

இப்போது உங்கள் டிவிசன் தம்பிக்கு வருகிறேன். உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்தது அதுதான்.

நாம் நம் பிள்ளைகளிடம் என்ன சொல்லி வளர்க்கிறோம்? படித்து வெளியே போ, இந்த லயத்தில் கிடக்காதே, கொழுந்து எடுத்தது என்னோடு போகட்டும் என்றுதானே ஒவ்வொரு அம்மாவும் சொல்கிறாள்? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கைக்கு எத்தனை வருஷம் ரோட்டில் நின்றார்கள், அது 2021இல்தான் வந்தது, 1350 ஆனது 2024இல். படிப்பில் கெட்டிக்காரன் ஊரை விட்டுப் போனால் பேனர் கட்டுகிறோம். பந்தில் கெட்டிக்காரன் போகப் பார்த்தால் மட்டும் துரோகி என்கிறோமா? அவனுக்கு நீங்கள் பத்து வருஷ ஒப்பந்தம் கொடுக்கப் போவதில்லை. பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் அதுவே பெரிது. இருப்பதற்கு ஒன்றும் கொடுக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு ஒரு 16 வயதுப் பிள்ளையை இருக்கச் சொல்வது நியாயம் இல்லை.

உங்கள் மைதானத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் தோட்டத்து மைதானங்கள் எனக்குத் தெரியும். மலையை வெட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள், ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் நேரே தேயிலைக்குள் சரிவு. சரிவுப் பக்கத்து ஓரத்தில் ஆடுகிறவன் பந்தைக் காலை விட்டு ஒரு முழம் விடமாட்டான். விட்டால் அது கானில் (வடிகாலில்) உருண்டு கீழ் மலைக்குப் போய்விடும், எடுத்துவரக் கால் மணி நேரம். அப்படி ஆடிப் பழகியவனுக்குப் பந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வித்தை கொழும்பின் சமதரையில் வளர்ந்தவனுக்கு அவ்வளவு எளிதில் வராது. உங்கள் மைதானம் அவனுக்குக் கொடுத்ததை அவன் எங்கே போனாலும் கொண்டுபோவான்.

அதனால் போகாதே என்று சொல்வதை விட்டுவிட்டு, போகிறவனுக்காகப் பேசுங்கள். டீமில் பெரியவர்கள் இரண்டு பேரும் அவன் அம்மாவோ அப்பாவோ சேர்ந்து அந்தக் கழகத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், போனில் வேண்டாம். எங்கே தங்குவான், யாரோடு, சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு, கால் உடைந்தால் வைத்தியச் செலவு யாருடையது, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வர பஸ் காசு உண்டா. எல்லாம் எழுத்தில் வேண்டும், கையெழுத்தோடு. வாய்ப்பேச்சை நம்பிப் போன தோட்டத்துப் பிள்ளைகள் கடையில் வேலைக்கு நின்றுவிட்டுத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இதையும் செய்யுங்கள், இதை நம் பக்கத்தில் யாரும் செய்வதாகத் தெரியவில்லை. உங்கள் டீம் மாவட்ட லீக்கில் பதிவான கழகமா? இல்லையென்றால் பதியுங்கள், பையன்களையும் 12 வயதில் இருந்தே பெயர் கொடுத்துப் பதியுங்கள். ஃபிஃபா விதி ஒன்று இருக்கிறது. ஒரு வீரன் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் பணத்துக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயதில் இருந்து 23 வயது வரை அவனைப் பழக்கிய கழகங்களுக்குப் பிரிந்து போகவேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் மொத்தத் தொகையில் கால் சதவீதம், 16இல் இருந்து வருஷத்துக்கு அரை சதவீதம். ஐரோப்பாவில் கிராமத்துக் கழகங்கள் இப்படி வந்த காசில் மைதானமே திருத்திக்கொள்கின்றன. இந்தத் தம்பி மாலைத்தீவுக்கோ வேறெங்கோ விற்கப்படுவானா என்பது வேறு கதை, ஆனால் பதிவில் பெயர் இல்லாத கழகத்துக்கு அந்தக் கால் சதவீதமும் கிடைக்காது, அவனை வளர்த்தது நாங்கள்தான் என்று நீங்கள் காட்ட ஒரு தாளும் இருக்காது.

அவன் போன பிறகு இடது ஓரம் காலியாகத்தான் இருக்கும். இரண்டு சுற்றுப்போட்டி தோற்கலாம். அதற்கு அவனிடம் கோபப்படவேண்டாம், இப்போதே 12, 13 வயதுப் பையன்களை அவனோடு சேர்த்து ஆடவிடுங்கள். அந்தச் சரிவுப் பக்கத்தில் எப்படி ஆடவேண்டும் என்று போவதற்கு முன் அவனே காட்டிக் கொடுக்கட்டும். வீட்டு வாசலில் நின்றே அவனைத் திட்டி அனுப்பினால் அவன் விடுமுறைக்கு வந்தாலும் மைதானத்துப் பக்கம் வரமாட்டான். பில்பாவோவை விட்டுப் போன லபோர்ட் 2025இல் திரும்பி வந்து அதே சிவப்பு வெள்ளைச் சட்டையைப் போட்டான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 16 வயது என்றால் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சை வருகிறது. பரீட்சை எழுத விடுவதாகக் கழகம் எழுத்தில் தரவேண்டும், வகுப்புக்குப் போக நேரமும் தரவேண்டும். தரமாட்டோம் என்றால் பரீட்சை முடிந்த அடுத்த நாள் அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே அவன் வேண்டும் என்றால் அதுவரை காத்திருப்பார்கள்.

அன்புடன்.