இது என்ன ஆறு? டெல்டா கரை ரோடுகள் பற்றிக் கேள்வி பதில்

உரம் விற்கிற வேலையில் இருபத்தாறு வருஷம் பைக்கிலேயே டெல்டாவைச் சுற்றியவன் நான். நாலுவழிச் சாலையை விட்டு இறங்கி ஊருக்குள்ளே போக ஆசைப்படுகிறவர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கோயில் பட்டியல் மட்டும் கேட்காதீர்கள், அதற்கு என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: அண்ணே, கும்பகோணத்துக்கு எப்போதும் தஞ்சாவூர் பைபாஸ் வழியாகவே போய் அலுத்துவிட்டது. காரில் போகிற மாதிரி வேறு வழி உண்டா?

உண்டு தம்பி, ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் இருந்தால். திருவானைக்காவலில் இருந்து கல்லணை ரோட்டைப் பிடியுங்கள். ஒருபக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் நீங்கள். கல்லணையில் இறங்கி நின்று பாருங்கள். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிறது. இதில் கல்லணைக் கால்வாய் 1934-இல் மேட்டூர் அணையோடு வந்தது. எங்கள் பக்கம் அதை இன்றைக்கும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறோம். தொண்ணூறு வயசான புது ஆறு.

அப்புறம் தோகூர், திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி, திருப்பூந்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவில் கிடக்கும் திட்டு. அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். கண்டியூரில் திரும்பி, குடமுருட்டியையும் காவிரியையும் தாண்டினால் திருவையாறு. அங்கிருந்து திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று காவிரியின் வடகரையோடு போகலாம். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். அது நீங்களாக இருக்கட்டும்.

சென்னையிலிருந்து: சார், போன வருஷம் மேப்பை நம்பிப் போய் ஒரு களத்து மேட்டில் போய் நின்றோம். நீங்கள் எப்படி வழி கண்டுபிடிக்கிறீர்கள்?

மேப்புக்குக் கரையும் ரோடுதான், வரப்பும் ரோடுதான். டெல்டாவில் வழி பிடிக்க ஆற்றைத்தான் பிடிக்க வேண்டும். தஞ்சாவூரில் இருந்து திருவையாறு வரைக்கும் பாலத்தை எண்ணிக்கொண்டே போங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்து முடிந்தால் ஊர் வந்துவிட்டது.

இன்னொன்று, டீக்கடையில் "இந்த ஊருக்கு எப்படிப் போகணும்" என்று கேட்டால் "நேராப் போங்க" என்பதோடு முடிந்துவிடும். "இது என்ன ஆறு?" என்று கேட்டுப் பாருங்கள். ஆற்றின் பெயர், எந்தத் தலைப்பில், அதாவது எந்த மதகடியில் பிரிகிறது, இந்த வருஷம் தண்ணீர் எப்போது வந்தது, ஏன் தாமதம், யார் மேல் தப்பு, எல்லாம் வந்து விழும். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. மதகுக்குக் கீழே தண்ணீர் நுரைத்து விழுகிற இடத்தில் வீச்சு வலையோடு நாலு பேர் நின்றார்கள். ஒரு பையன் உரச்சாக்குக்குள் ஜிலேபிக் கெண்டைகளைப் போட்டு வாயைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான். சாக்கில் எங்கள் கம்பெனிப் பெயர். அன்றைக்கு வசூலுக்குப் போக வேண்டிய மூன்று கடைக்கும் நான் போகவில்லை.

திருவாரூரிலிருந்து ஓர் அம்மா: பிள்ளைகள் "இன்னொரு கோயிலா?" என்கிறார்கள். அவர்களுக்குக் காட்ட ஏதாவது?

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக்குக் கூட்டிப் போங்கள். அதுவும் கோயில்தான், ஆனால் விஷயம் அது இல்லை. ஓர் ஐப்பசி மழையில் ஒதுங்க இடம் தேடி உள்ளே போனேன். எதிரே, செங்கல்லில் கட்டி, மேலே போகப் போகக் குவிந்து, மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கூம்பு. ராட்சசக் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம். மூவாயிரம் கலம் கொள்ளும் என்கிறார்கள். கலமும் மரக்காலும் அந்தக் காலத்து நெல் அளவுகள், ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். பிள்ளைகளைப் பெருக்கிச் சொல்லச் சொல்லுங்கள். அந்த மெயின் ரோட்டில் பல வருஷம் போய்வந்தும் எனக்கு இது தெரியாது. மழைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நவம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் என்றால் தஞ்சாவூர் - மன்னார்குடி ரோட்டில் வடுவூர் ஏரியும் உண்டு. 2022-இல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். காலையிலேயே போய்விடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: எந்த மாதம் வரலாம்? பைக்கில் வருகிறோம்.

மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். மூன்று நாலு நாளில் கல்லணை. அங்கிருந்து கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசி வயல்களுக்குப் போக இன்னும் நாள் பிடிக்கும். காய்ந்து வெடித்த ஆற்றில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நாம் நடக்கிற வேகத்தில் வரும். கூடவே கரையில் நடக்கலாம். என்னைக் கேட்டால் ஆடிப்பெருக்கைவிட இதுதான் பார்க்க வேண்டியது. ஆனால் தேதி உறுதி இல்லை. அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் ஜூனில் திறப்பே இருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் மண் கரைகளில் பைக்கை ஏற்றாதீர்கள். களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தையில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள், அது ஒருவருடைய வருஷ வருமானம். பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கி, வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். என் பைக் செயினில் ஒருமுறை உளுந்தங்கொடி சுற்றி, அறுத்தெடுக்க ஒரு பாட்டியிடம் அரிவாள் கடன் வாங்கினேன். கிழவி அரிவாளையும் கொடுத்து, "கண்ணு எங்க வச்சிருந்த?" என்று ஏசவும் செய்தது. காரில் வருகிறவர்கள் இன்னும் கவனம். காய்ந்த கொடி அடியில் சிக்கிச் சூட்டில் தீப்பிடித்துக்கொள்ளும்.

சாப்பாடு?

திருவையாற்றில் அசோகா என்கிற இனிப்பு. பாசிப்பருப்பும் நெய்யும்தான் அதன் உயிர், சூடாக வாங்குங்கள். மற்றபடி பசிக்கிற ஊரில் சாப்பிடுங்கள்.

ராத்திரியில் கரை ரோட்டில் போகலாமா?

வேண்டாம். தடுப்புச் சுவர் கிடையாது, ஆறு மட்டும் இருக்கும்.

பெங்களூரிலிருந்து: கடல் வரைக்கும் போகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள் அண்ணா.

தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மனோரா. முழுக்கத் தஞ்சாவூர் மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி ரூட். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக அவர் கட்டியது. கடற்கரையில் மனோரா, அறுகோணமாக எட்டு அடுக்குக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததற்காக நம் ஊரில் எழுப்பிய நினைவுச் சின்னம்! எங்கேயோ நடந்த சண்டைக்கு மல்லிப்பட்டினம் பக்கத்தில் கோபுரம். சிரித்துவிட்டு, அலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரலாம்.

தஞ்சாவூரிலிருந்து: ஐயா, மன்னார்குடி பக்கம் ஒரு புளியமரத்தடியில் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல் வைத்திருக்கிறார்கள். வாசல் மாதிரி இருக்கிறது, ஆனால் வீடும் இல்லை, கோயிலும் இல்லை. அது என்ன?

சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்த காலத்தில், இறக்கி வைக்கவும் மறுபடி ஏற்றவும் பக்கத்தில் ஆள் வேண்டும். இந்தக் கல் இருந்தால் ஆள் வேண்டாம். பக்கத்தில் போய் நின்று பாருங்கள், மேல்கல் உங்கள் தோள் உயரத்தில் இருக்கும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் இதை நட்டு வைப்பது வழக்கம். அவள் இறக்காமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைப்பதாகக் கணக்கு. ரோடு அகலப்படுத்தும்போது முதலில் போவது இந்தக் கற்கள்தான். நான் குறித்து வைத்திருந்த சில இடங்களில் இப்போது வெறும் ஜல்லி.

நீங்கள் சொல்கிற கல் என் கணக்கில் இல்லை. அது எந்த ஆற்றங்கரை என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துவிடுகிறேன்.