முந்திரியைத் தேடி நிற்கும் திரை

எடிட்டர் (கணினியில் எழுத்தடிக்கும் மென்பொருள்) நின்றுபோவது, எழுத்து சரியாகத் தெரியாதது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எல்லையோரத்திலிருந்து. ஆச்சரியமில்லை. ஒரே பக்கத்தில் தமிழோடு மலையாளமோ தெலுங்கோ கலந்து அடிப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை முதலில் வரும்.

கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பழைய ஆதாரம் (பத்திரம்) ஒன்றை அடித்துத் தரச் சொன்னார்கள். மா, காணி, முந்திரி ஆகிய பின்னங்களுக்கான பழைய குறிகளை அப்படியே இட்டேன். அந்த இடம் வந்தாலே ஈமேக்ஸ் எடிட்டர் நாலைந்து விநாடி நின்றுவிடுகிறது. விண்டோஸ் கணினி. ராம் போதவில்லையா?

ராமுக்குக் காசு போடாதீர்கள். குறியை வரைய நேரமாகவில்லை. அதை வரையத் தெரிந்த எழுத்துருவைத் தேடத்தான் நேரமாகிறது. நீங்கள் வைத்திருக்கும் எழுத்துருவில் க, ச எல்லாம் இருக்கும், முந்திரி இருக்காது. உடனே ஈமேக்ஸ் கணினியில் உள்ள மற்ற எழுத்துருக்களை ஒவ்வொன்றாகத் திறந்து ‘உன்னிடம் இருக்கிறதா’ என்று விசாரிக்கப் போய்விடும். கடைவீதியில் கிடைக்காத உதிரிப் பாகத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்குவது மாதிரி.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடுக்குள் இந்தக் குறிகள் வந்ததே 2019இல், 12ஆம் பதிப்பில்தான். வழக்கமான தமிழ் எழுத்துகளோடு இடம் கிடைக்காமல், ‘தமிழ் துணைத்தொகுதி’ என்று தனியாக 64 இடம் ஒதுக்கி 51 குறிகளை வைத்தார்கள். 1/320ஆன முந்திரி, 1/80ஆன காணி, 1/20ஆன மா எல்லாம் அங்கேதான். சாதாரணத் தமிழ் எழுத்துருக்கள் பல அந்தப் பக்கமே போவதில்லை. ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ என்ற எழுத்துரு போகும், இலவசம். முதலில் அதை நிறுவுங்கள்.

அப்புறம் ஈமேக்ஸுக்கு வழி காட்டுங்கள். செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட் கட்டளையில், துணைத்தொகுதியின் யூனிகோடு எண்களான 73664 முதல் 73727 வரை இந்த எழுத்துரு என்று எழுதிவைத்தால் தேடல் நின்றுவிடும். பதினாறடிமான எண்தான் போட வேண்டும் என்றில்லை, இந்தச் சாதாரண எண்களே போதும். குறியின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்தினால் எந்த எழுத்துரு வந்திருக்கிறது என்று அதுவே சொல்லும்.

ஒருமுறை தேடிக் கண்டுபிடித்ததை ஞாபகம் வைக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வைக்கிறது. ஆனால் அவ்வப்போது நினைவகத்தில் வேண்டாததைக் குப்பையாக அள்ளும்போது எழுத்துருச் சேமிப்பையும் சேர்த்து ஒழித்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப நிற்கிறது. இன்ஹிபிட்-காம்பாக்டிங்-ஃபான்ட்-கேஷஸ் என்ற மாறியை ‘டி’ (t) என்று வைத்தால் ஒழிக்காது. ராம் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், பரவாயில்லை.

நகரியில் தறிக் கணக்கு பார்க்கிறேன். மென்பொருள் ஒன்றிலிருந்து இறக்கிய கோப்பில் தெலுங்கும் தமிழும் கலந்திருக்கிறது. திறந்தால் எடிட்டர் செத்துப்போகிறது. தெலுங்கை எடுத்துவிட்டால் சரியாகுமா?

தெலுங்கு பாவம், விட்டுவிடுங்கள். கோப்பில் எத்தனை வரி என்று பாருங்கள். இப்படி இறக்கும் கோப்புகளில் எல்லாமே ஒரே வரியில் கிடப்பது வழக்கம். எடிட்டர்களுக்கு நீண்ட வரி என்றாலே ஆகாது; அதிலும் ஒட்டெழுத்துகள் என்றால் துண்டு துண்டாக வடிவம் கணக்கிட வேண்டும். காற்புள்ளிக்கோ அடைப்புக்கோ பின் வரியை உடைத்துப் பாருங்கள். ஈமேக்ஸ்தான் என்றால் 2023இல் வந்த 29ஆம் பதிப்புக்கு மாறுங்கள், நீண்ட வரியை அது ஓரளவு தாங்கும்.

தேவிகுளம் பக்கம் ஆசிரியை. பிள்ளைகளின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் வைத்திருக்கிறேன். மலையாளத்தில் ‘அனில்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் அகப்படுகிறார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

கண்ணுக்குத்தான் ஒன்று டீச்சர். சொல்லின் கடைசியில் ‘ல்’ மாதிரி வரும் மெய்யின் தனி வடிவமான சில்லெழுத்துக்கு 2008 வரை தனிக் குறியீடு கிடையாது. எழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரியான மலையாளக் குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றை அடுக்கினார்கள். யூனிகோடு 5.1இல் ஒற்றைக் குறியீடு கொடுத்தார்கள். உங்கள் பட்டியலில் பழையதும் புதியதும் கலந்திருக்கிறது.

தமிழிலும் இது உண்டு: ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தவர்கள் இருக்கிறார்கள். அதை எடிட்டரின் ‘நார்மலைஸ்’ (ஒரே சீராக்கும்) வசதியே சரிசெய்துவிடும். மலையாளச் சில்லை அது தொடாது. யூனிகோடு கணக்கில் அந்த இரண்டும் சமமே இல்லை. ஒவ்வொரு சில்லாகக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் வழி. அவசரப்பட்டு இணைப்பானை மட்டும் மொத்தமாக அழித்துவிடாதீர்கள், பெயர்கள் சந்திரக்கலையோடு பல்லிளிக்கும்.

ஆந்திராவின் குப்பம் ஊரிலிருந்து எழுதுகிறேன். கல்வெட்டு வாசகம் ஒன்றைக் கிரந்த எழுத்திலேயே அனுப்பினார்கள். எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. மறுபடி அனுப்பச் சொல்லட்டுமா?

வேண்டாம். பெட்டி தெரிந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, எழுத்துரு மட்டும் இல்லை என்று பொருள். கிரந்தம் 2014இல், யூனிகோடு 7இல் வந்தது. ‘நோட்டோ சான்ஸ் கிரந்தா’வை நிறுவினால் பெட்டிகள் எழுத்தாகும். கேள்விக்குறிகளாக வந்திருந்தால்தான் கவலை. யாரோ தவறான குறியாக்கத்தில் சேமித்து எழுத்தையே தொலைத்துவிட்டார்கள். மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சித்தூர். விஎஸ் கோடு எடிட்டரில் தமிழ் வரிகள் ஓரத்தைத் தாண்டி ஓடுகின்றன.

பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா என்று எழுதவில்லை, ஆனாலும் பதில் ஒன்றுதான். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நினைத்துக்கொண்டு அது வரியை மடிக்கிறது. நம் ‘ஞௌ’வும் ‘ர’வும் ஒரே அகலமா? அமைப்புகளில் ‘ராப்பிங் ஸ்ட்ராட்டஜி’யை ‘அட்வான்ஸ்டு’ ஆக்குங்கள். பெரிய கோப்பில் மந்தமாகும்.

நோட்டோ எழுத்துருக்கள் மொத்தத்தையும் போட்டுவிட்டால் பிரச்சினையே வராதல்லவா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓர் அச்சகத்தில் வேலை செய்தபோது கிடைத்த எழுத்துருவையெல்லாம் கணினியில் கொட்டினேன். பெட்டிகள் போயின. ஆனால் ஒரு புது எழுத்து வந்தால் தேட வேண்டிய கடைகள் பல மடங்காகிவிட்டன. முதலாளி டீ குடித்துவிட்டு வரும்வரை கோப்பு திறக்காது. தமிழ், மலையாளம், தெலுங்கு, தேவைப்பட்டால் கிரந்தமும் தமிழ் துணைத்தொகுதியும். அவ்வளவு போதும்.