எங்களுக்கு என்றால் யாருக்கு?

கேள்வி: எங்களுக்கு அடுத்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை. மகன் கொப்பியை விரித்தால் ஓரத்தில் படம் கீறத் தொடங்கிவிடுகிறான். 150க்கு மேல் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். ஒரு பிள்ளையின் வளர்ச்சி, நடத்தை, கல்வி மூன்றிலும் பெற்றாரின் செல்வாக்கு எவ்வளவு என்று விளக்குவீர்களா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: கேள்வியின் பின்பாதி ஏதோ ஆசிரியர் பயிற்சி வினாத்தாளில் இருந்து எழுந்து வந்தது போல இருக்கிறது. பக்கத்தில் ‘10 புள்ளி’ என்று போடாததுதான் குறை. அதைப் பிறகு பார்ப்போம். என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் முதற்சொல்.

எங்களுக்கு.

அம்மா, மண்டபத்துக்குள் எத்தனை பேர் போகப்போகிறீர்கள்?

இது உங்களை மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. ஐந்தாம் ஆண்டில் இந்தப் பரீட்சைக்குப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தச் சொல் ஒரு காய்ச்சல் மாதிரி வந்து போகிறது. மீன் சந்தையில் பாரைக்கு விலை கேட்டுக்கொண்டே ஒரு தாய் மற்றவருக்குச் சொல்கிறார்: “எங்களுக்கு முதலாம் பகுதி பரவாயில்லை, இரண்டாம் பகுதிதான் இழுக்குது.” பெறுபேறு வந்த அன்று தொலைபேசியில்: “எங்களுக்கு 153!” சரி, மகிழ்ச்சி. ஆனால் பிள்ளை 98 எடுத்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். “அவனுக்கு 98” என்பார்கள். பரிசிலுக்கு எடுக்கவேண்டிய வெட்டுப்புள்ளிக்கு மேலே தன்மைப் பன்மை, கீழே படர்க்கை ஒருமை. இந்த விதியை எந்த இலக்கண நூலிலும் நான் படித்ததில்லை. ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

தமிழில் இந்த இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, ‘நமக்கு’. கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுச் சொன்னால் ‘நாங்கள்’, ‘எங்களுக்கு’. ஆங்கிலத்துக்கு இந்த வசதி கிடையாது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோடு இதில் எனக்குப் பழைய வழக்கு. அவர் வீட்டில் சேர்த்தாலும் ‘எங்கட’, விலக்கினாலும் ‘எங்கட’. மட்டக்களப்புப் பக்கம் போனால் எல்லாமே ‘நம்மட’. பஸ்சில் பக்கத்தில் இருப்பவரின் சாப்பாட்டுப் பார்சல் கூட. நடுவில் கிடக்கும் திருகோணமலைக்காரர் நாங்கள் (பார்த்தீர்களா, நண்பரை வெளியே விட்டேன்) இரண்டையும் இடமறிந்து பாவிப்பவர்கள் என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்வதில்லை. பத்திரிகை ஆசிரியர்களும் யோக்கியர்கள் இல்லை. ‘நாம் கருதுகிறோம்’ என்று தலையங்கம் எழுதும்போது அறைக்குள் இருப்பது நானும் ஒரு மின்விசிறியும்தான். அது கருதுவதில்லை.

ஆக, நீங்கள் எனக்கு எழுதிய ‘எங்களுக்கு’ என்னை விலக்குகிறது. நியாயம். மகனைச் சேர்க்கிறதா?

போன மாதம் கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் மான்கள் நின்றன. ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன், முதுகில் புத்தகப் பை, ஒரு குட்டிக்குக் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். அதுவும் மூக்கை நீட்டியது. இரண்டு விரல் இடைவெளி. “அம்மா, மான் குட்டி” என்றான் மெதுவாக. தாயிடமிருந்து உடனே வந்தது: “குட்டியா? மானுக்கு இளமைப் பெயர் என்ன?” பையன் கையை மடக்கிக்கொண்டான். “கன்று.” “கோழிக்கு?” “குஞ்சு.” “கீரிக்கு?” “பிள்ளை.” மூன்றும் சரி. அதற்குள் மான் போய்விட்டது.

தொல்காப்பியரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மரபியலில் அவர் இளமைப் பெயர் ஒன்பது சொல்கிறார். மானுக்குக் கன்றும் சொல்கிறார். நவ்வி, உழை என்று மானினத்துக்கு ‘மறி’யும் சொல்கிறார். அந்தத் தாயிடம் போய் “மறியும் சரிதான்” என்றால் என்ன நடக்கும்? பையனுக்கு இரவு ஒரு பக்கம் கூடும். பேசாமல் தேங்காய் வாங்கப் போய்விட்டேன்.

அந்தக் கோயிலுக்கும் ஒரு தகப்பன் கதை பொருந்தும். சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தரின் வாயில் பால் வழிவதைக் கண்டு, யார் கொடுத்தது என்று கோலை ஓங்கியவர் சிவபாத இருதயர். முதல் வேலையாகத் தடி எடுத்தார் என்பதில் அவர் நம்மைப் போன்ற தகப்பன்தான். ஆனால் பிள்ளை பாடத் தொடங்கியதும் தடியைக் கீழே போட்டார், பிறகு கோயில் கோயிலாகத் தோளில் சுமந்தார். சம்பந்தர் பின்னாளில் இராமேசுவரத்தில் நின்றபடியே நமது கோணமாமலையைப் பாடியதாக மரபு. ‘எங்களுக்கு ஞானப்பால் கிடைத்தது’ என்று சிவபாத இருதயர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. சீகாழியில் அவர் பனர் கட்டியதாகவும் தகவல் இல்லை.

பனர் என்றதும் நினைவு வருகிறது. பெறுபேறு வந்த மறுநாள் பஸ் நிலையம் தொடங்கிச் சந்திக்குச் சந்தி பனர். பிள்ளையின் படம், புள்ளி, கீழே பிள்ளையை விடப் பெரிதாக மாஸ்டரின் படம். இதைப் பற்றி முன்பு இதே பக்கத்தில் எழுதியபோது ஒரு ரியூஷன் மாஸ்டர் கோபித்துக்கொண்டு தமது விளம்பரத்தை நிறுத்தினார். கால்பக்கம். இன்றுவரை அந்த நட்டம் ஈடாகவில்லை. ஆனாலும் சொல்வேன்: பனரில் இல்லாத பிள்ளையும் அதே வீதியால்தான் பள்ளிக்கூடம் போகிறது.

இத்தனைக்கும் இந்தப் பரீட்சை வந்த நோக்கம் வேறு. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த காலம். கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போய்ப் படிக்க ஒரு வழி வேண்டும் என்று வைத்தது இது. காசில்லாத பிள்ளைக்குப் போட்ட ஏணியில் இன்று ரியூஷனுக்குக் காசுள்ளவர்கள் வரிசையில் நிற்கிறோம். இதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

செல்வாக்குக்கு வருகிறேன். பரிசளிப்பு விழாக்களில் பேசுகிறவர்கள் பொன்முடியாரைப் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்பதோடு கைதட்டல். புறநானூற்றின் 312ஆம் பாட்டு அங்கே முடியவில்லை. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன். ‘நன்னடை நல்கல்’ வேந்தனின் கடன். உங்கள் கேள்வியில் உள்ள நடத்தையைப் புலவர் அரசாங்கத்திடம் தள்ளிவிட்டார்! (‘தண்ணடை’ என்று பாடம் கொண்டு, அது வயல்நிலம் என்பாரும் உண்டு. அப்படியென்றால் நடத்தைக்கு ஆளே இல்லை.) ஆசிரியருக்கு அந்தப் பாட்டில் ஒரு கடனும் கிடையாது. கடைசிக் கடன் மகனுடையது: போரில் யானையைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருதல். திரும்பி வருதல் என்ற சொல் இந்த ஊர்த் தாய்மாருக்கு எவ்வளவு கனம் என்பதை நான் எழுதத் தேவையில்லை. மேடையில் முதல் இரண்டு அடியோடு நிறுத்துவது ஒருவேளை அதனால்தானோ என்னவோ.

இனி சைக்கிள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்ற மூவர் அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் ஒரு சோதனை செய்தார்கள். படம் கீறுவதில் ஏற்கனவே ஆசையுள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு, கீறினால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களை வெறுமனே மேசையில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் கீறச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு இல்லை. கெடுத்தது பரிசு அல்ல, பேரம்.

இதைப் படித்துவிட்டுச் சைக்கிள் ஆபத்து என்று பயப்பட வேண்டாம். அந்தச் சோதனை பிரியமுள்ள காரியம் பற்றியது. உங்கள் மகனுக்குக் கணக்கில் பிரியம் இருந்தால்தானே கெடுவதற்கு! ஆனால் கொப்பி ஓரத்துப் படத்துக்கு மட்டும் ஒன்றும் தருவதாகச் சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டில் யாரும் கேட்காமல் நடக்கிற ஒரே வேலை அதுதான் போலத் தெரிகிறது.

அடுத்த வருஷத்துக்குப் பிறகும் உங்களுக்குக் கவலை இருக்கும் என்பதால் இன்னொன்று. நான்சி ஹில், டயானா ரைசன் இருவரும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் எழுதினார்கள். பெற்றார் பக்கத்தில் குந்தியிருந்து வீட்டுவேலை செய்விப்பதால் பெரிதாகப் பலன் தெரியவில்லை. படிப்பு எதற்கு, நீ என்னவாக ஆசைப்படுகிறாய் என்று பேசுகிற வீட்டுப் பிள்ளைகள்தான் கூடுதலாக முன்னேறினார்கள். பேச்சு என்றால் இரண்டு பக்கமும் பேசுவது. “கீரிக்கு?” “பிள்ளை” அதில் சேராது.

நான் மட்டும் சுத்தமா? என் மகள் சோதனை எழுதிய வருஷம் தபால்காரரை மறித்து “எங்களுக்கு மூன்று புள்ளியால் போய்விட்டது” என்றேன். தவறியும் பன்மையில் சொன்ன பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது. மகள் வாசலில் நின்று கேட்டாள்: “அப்பா, நீங்கள் எந்த மண்டபம்?”

மகன் கீறிய படம் ஒன்றை அனுப்புங்கள், கொப்பி ஓரத்தோடு கிழித்தாலும் சரி. அடுத்த இதழில் போடுகிறேன். பரிசு கிடையாது. காரணம் மேலே இருக்கிறது.