செங்குத்தான இறக்கம், குட்டையான ஓடுபாதை: சிமுலேட்டர் கேள்வி - பதில்

கேள்வி: சிமுலேட்டரில் லண்டன் சிட்டி விமான நிலையத்தில் ஏர்பஸ் ஏ320-ஐ இறக்கப் பார்க்கிறேன். வேகம் குறைய மாட்டேன் என்கிறது. ஸ்பீடு பிரேக்கை இழுத்தாலும் இறக்கையின் மேல் பலகைகள் எதுவும் எழும்பவில்லை. விமானத்தை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் விமானத்தைச் செய்தவர்கள் அசலைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறார்கள். ஏ319, ஏ320 இரண்டிலும் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் தாழ்ந்து தூக்குவிசையையும் இழுவையையும் கூட்டும் பலகை) 'ஃபுல்' நிலைக்குப் போய்விட்டால் ஸ்பீடு பிரேக் விரியாதபடி கணினி தடுத்துவிடும். ஏ321-இல் ஃபிளாப் 3-லேயே அந்தத் தடை வந்துவிடும்.

லண்டன் சிட்டியின் கிளைடுஸ்லோப், அதாவது ஓடுபாதைக்கு இறங்கி வரும் வழியின் சரிவு, 5.5 டிகிரி. மற்ற பெரும்பாலான நிலையங்களில் 3 டிகிரிதான். அந்தச் சரிவில் ஏ320-க்கு ஃபிளாப், சக்கரம் எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் இன்ஜின் ஏறக்குறைய ஐடிலில்தான் (குறைந்தபட்ச விசையில்) கிடக்கும். அதற்கு மேல் வேகத்தைக் குறைக்கக் கையில் எதுவும் மிச்சமில்லை. அவசரத்துக்கு விசை கேட்டாலும் ஐடிலில் இருந்து இன்ஜின் எழும்பி வரப் பல விநாடிகள் ஆகும். அதற்குள் விநாடிக்கு 20 அடி வீதம் உயரம் போய்க்கொண்டிருக்கும்.

இதற்காகவே ஏ318-இல் செங்குத்து இறக்கத்துக்கென்று தனி வசதி வைத்தார்கள். அதைப் போட்டு ஃபிளாப் ஃபுல் வைத்தால் சில ஸ்பாய்லர் பலகைகள் (ஸ்பீடு பிரேக்கை இழுத்தால் எழும்பும் அதே வகை இறக்கைப் பலகைகள்) ஓரளவு எழும்பி நின்று இழுவையைக் கூட்டும். 2009 முதல் 2020 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டன் சிட்டியில் இருந்து நியூயார்க்குக்கு ஓட்டியது இந்த ரகத்தைத்தான். கற்றுக்கொள்ள இன்னும் நல்லது பிஏஇ 146 ரக ஜெட். வால் நுனியில் இரண்டாகப் பிளந்து விரியும் ஏர்பிரேக் அதற்கு உண்டு. அதை விரித்தபடியே தரையைத் தொடலாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஜஸ்ட் ஃபிளைட்டின் 146 கிடைக்கிறது. முதலில் அதில் கை பழகட்டும். ஏ320-இல் அடம்பிடித்துக் கற்றுக்கொள்ளும் பழக்கங்கள் சரியான விமானத்துக்கு வந்ததும் இடைஞ்சலாக நிற்கும்.

கேள்வி: நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும், அது தரை வேகத்தைப் பொறுத்தது. 5.5 டிகிரிக்குத் தரை வேகத்தைப் பத்தால் பெருக்கி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்றால் சுமார் 1170 அடி. பத்து நாட் எதிர்க்காற்று இருந்தால் தரை வேகம் 110, இறக்கம் 1070 அடி. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1270 அடி. ஒப்பிட்டுப் பார்க்க: 3 டிகிரியில் 120 நாட்டுக்கு 640 அடிதான். சுவிட்சர்லாந்தின் லுகானோவில் சரிவு 6.65 டிகிரி, அங்கே தரை வேகத்தைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்.

கேள்வி: ஆட்டோபைலட் கிளைடுஸ்லோப்பைப் பிடிக்கும்போது முதலில் மேலே தாண்டிப்போகிறது, பிறகு மூக்கைக் குத்தி இறங்குகிறது. வேகம் 150 வரை ஏறிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு, கிளைடுஸ்லோப் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. பெரிய விமான நிலையங்களில் கிளைடுஸ்லோப்பைப் பிடித்த பிறகு சக்கரத்தை இறக்கி, ஃபிளாப்பைப் படிப்படியாக விட்டு, 1000 அடி உயரத்துக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த நேரம் இருக்கும். இங்கே இல்லை. 2000 அடியில் சமமாக வந்தால் ஓடுபாதைக்குச் சுமார் 3.4 கடல் மைல் முன்னால்தான் சரிவு தொடங்கும். 120 நாட்டில் அங்கிருந்து தரைக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட இல்லை. சரிவில் விழுந்த பிறகு வேகம் குறையவே குறையாது. இருக்கும் இழுவை முழுவதும் வேகம் ஏறாமல் பிடித்து வைப்பதற்கே சரியாகப் போய்விடும்.

ஆகவே எல்லாம் சமதளப் பறப்பிலேயே முடிய வேண்டும். 7 மைலில் சக்கரம் கீழே. 5 மைலுக்குள் இறுதி ஃபிளாப். 146-க்கு அது 33 டிகிரி. 4 மைலில் அப்ரோச் வேகம் அசையாமல் நிற்க வேண்டும். அந்த வேகத்தில் சமமாகப் பறக்க இன்ஜின் கணிசமான விசையில் ஓடிக்கொண்டிருக்கும். கிளைடுஸ்லோப் குறி மேலிருந்து இறங்கி நடுவுக்கு அரைப் புள்ளி மிச்சம் இருக்கும்போதே அந்த விசையைக் குறைக்கத் தொடங்குங்கள், ஏர்பிரேக்கை விரியுங்கள். ஆட்டோ த்ரஸ்ட் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், மூக்கு தாழ்ந்து வேகம் ஏறிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த 150 அப்படி வந்ததே.

சரிவைத் தவறவிட்டு மேலே போய்விட்டால் துரத்த வேண்டாம். 3 டிகிரியில் கொஞ்சம் கூடுதலாக இறங்கி மேலிருந்து பிடித்துவிடலாம். 5.5-ஐ மேலிருந்து பிடிக்க 7 டிகிரியாவது வேண்டும். அதற்கான இழுவை விமானத்தில் இல்லை. 1000 அடியில் வேகமோ சரிவோ ஒழுங்காக இல்லையென்றால் கோ-அரவுண்ட்தான்: இறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறி மறுபடி வர வேண்டும். நன்றாகப் பறப்பவர்கள் இதைத் தயங்காமல் செய்வார்கள்.

கேள்வி: ஐஎல்எஸ் (கிளைடுஸ்லோப்பைக் காட்டும் ரேடியோ வழிகாட்டி) குறி நடுவில் இருக்கிறது, ஆனால் ஓடுபாதை ஓரத்தில் சரிவைக் காட்டும் பாப்பி விளக்குகள் நான்கும் வெள்ளை, அதாவது மிக உயரம் என்கின்றன. எதை நம்புவது?

பதில்: ஐஎல்எஸ்ஸை. அசல் லண்டன் சிட்டியில் பாப்பியும் 5.5 டிகிரிக்கே வைக்கப்பட்டிருக்கிறது. சிமுலேட்டருக்கான சில சீனரிகளில் (விமான நிலையக் காட்சிகளில்) அதை வழக்கமான 3 டிகிரியிலேயே விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் நான்கும் வெள்ளை. அந்த விளக்குகளுக்குப் பணிந்து இறங்கினால் நகரக் கட்டடங்களுக்கு மேல் தேவையில்லாமல் தாழ்ந்துவிடுவீர்கள். ஐஎல்எஸ் கோணமும் சரிதானா என்று தெரிந்துகொள்ள 2 மைலில் உயரத்தைப் பாருங்கள்: 5.5 டிகிரி என்றால் சுமார் 1200 அடி, 3 டிகிரி என்றால் 700-க்குள்.

கேள்வி: தரையை அடித்துத்தான் தொடுகிறேன். அதற்கு முன் 'சிங்க் ரேட்' என்று குரலும் கேட்கிறது. ஃபிளேர் (தரை தொடும் முன் மூக்கை உயர்த்தி இறக்கத்தைக் குறைப்பது) எப்போது?

பதில்: குரலை முதலில் முடித்துவிடுவோம். தரைக்கு அருகில் நிமிடத்துக்கு 1000 அடிக்கு மேல் இறங்கினால் அந்த எச்சரிக்கை வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். செங்குத்து இறக்க வசதியுள்ள விமானங்களில் அதன் வரம்பு மாறும்; வசதியில்லாத விமானத்தில் அது கத்தத்தான் செய்யும். 'புல் அப்' என்று கேட்டால் மட்டும் பேச்சில்லை, உடனே மேலே ஏறுங்கள்.

ஃபிளேருக்கு வருவோம். 3 டிகிரியில் 50 அடியில் இருந்து தரைக்குச் சுமார் 4.7 விநாடி. 5.5-இல் இரண்டரை விநாடிதான். 30 அடியில் இழுத்துப் பழகிய கை இங்கே நிச்சயம் தாமதமாகும். 60 - 70 அடியிலேயே தொடங்குங்கள், ஆனால் சட்டென்று இழுக்காதீர்கள். முதலில் மூக்கை இரண்டு, மூன்று டிகிரி உயர்த்தி இறக்கத்தைப் பாதியாக்குங்கள். மற்ற இடங்களில் நீங்கள் பார்க்கும் சாதாரண அப்ரோச் போல அது தெரியத் தொடங்கும். பிறகு 20 அடியில் வழக்கமான சிறிய ஃபிளேர். விசையை முதல் கட்டத்தில் தொடாதீர்கள். இரண்டாம் கட்டத்தில்தான் ஐடில். முன்னதாகவே எடுத்துவிட்டால் மூக்கு உயர்ந்த நிலையில் வேகம் செத்து விமானம் பொத்தென்று விழும். ஆட்டோபைலட்டே தரையிறக்கும் ஆட்டோலேண்டை நம்பவே வேண்டாம், அதன் ஃபிளேர் கணக்கு 3 டிகிரிக்கானது.

இன்னொன்று: கேமராவின் ஜூம் அளவை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது மாறினால் உயரத்தைப் பற்றிய கண்ணின் மதிப்பீடும் மாறிவிடும். நகரத்தின் மேல் பிரேம் ரேட் 20-க்குக் கீழே போனால் ஜாய்ஸ்டிக்குக்கு விமானம் பதில் சொல்வதே தாமதமாகும். ட்ராஃபிக்கையும் கட்டட விவரத்தையும் குறையுங்கள்.

கேள்வி: லண்டன் சிட்டியில் 1508 மீட்டர் ஓடுபாதை இருந்தும் கடைசியில் தண்ணீருக்குள் போய்விடுகிறேன்.

பதில்: ஓடுபாதை 1508 மீட்டர்தான், ஆனால் இறங்கப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கப்பட்ட நீளம் 1319. அதிலும், ஜெட் விமானம் புறப்படும் முன்பே அதில் 60 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 790 மீட்டருக்குள் நிற்க முடியும் என்று காட்ட வேண்டும் என்பது வழக்கமான விதி. நீங்கள் வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம்தான், உயரமல்ல. தொடக்க முனையை 10 அடி கூடுதல் உயரத்தில் கடந்தால், சரிவு செங்குத்து என்பதால், சுமார் 32 மீட்டர்தான் நஷ்டம். 120-க்குப் பதில் 130 நாட்டில் வந்தாலோ பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் 17 சதவீதம் கூடும். போதாததற்கு விமானம் மிதக்கும், மிதக்கும் ஒவ்வொரு விநாடியும் 60 மீட்டருக்கு மேல் போகும். 146-இல் ரிவர்ஸ் த்ரஸ்டே (இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் வசதி) கிடையாது. தரை தொட்டதும் ஸ்பாய்லர், உடனே பிரேக். மூக்குச் சக்கரத்தைத் தூக்கி வைத்து அழகு பார்க்க இது இடமில்லை.

கேள்வி: டொரன்டோ பில்லி பிஷப் விமான நிலையத்தில் க்யூ400 புரொப்பெல்லர் விமானத்துக்கும் இதே முறைதானா?

பதில்: பாதிதான். அங்கே சரிவு 4.8 டிகிரி, பெரிய ஓடுபாதை 1216 மீட்டர். க்யூ400-இன் புரொப்பெல்லர் காற்று இறக்கையின் மேல் பாய்வதும் தூக்குவிசையில் ஒரு பங்கு. ஃபிளேரில் விசையை மொத்தமாக வெட்டினால் அந்தத் தூக்குவிசையும் கூடவே போய்விடும். அதைச் சமாளிக்க மூக்கைத் தூக்கினால் நீண்ட வால் தரையில் இடிக்கும். 6 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கொஞ்சம் விசையோடே தரையைத் தொட்டு, சக்கரம் பதிந்த பிறகு லீவரை 'டிஸ்க்' நிலைக்கு இழுங்கள். புரொப்பெல்லரே பெரிய பிரேக்காகிவிடும்.